புருனே படைகள்: இன்றைய தளவாடப் பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது?

கேள்வி: கரைவிளக்கு

வணக்கம். தென்கிழக்காசிய நாடுகளின் படைபலத்தை நாட்டுக்கு ஒரு பக்கம் என்று தமிழில் தொகுத்து வருகிறேன். புருனே தாருஸ்ஸலாம் 5,765 சதுர கிலோமீட்டர் பரப்பும் நாலரை லட்சம் மக்களும் கொண்ட சிறிய சுல்தானகம். ஆனால் இருப்பதிலேயே அதிகம் குழப்புவது இந்தப் பக்கம்தான்.

ஒரு பட்டியலில் நகோடா ராகம் வகைக் கார்வெட் (சிறிய போர்க்கப்பல்) மூன்று இருக்கின்றன, இன்னொன்றில் இல்லவே இல்லை. வஸ்படா ஏவுகணைப் படகுகள் சில இடங்களில் இன்னும் பணியில் இருப்பதாகக் காட்டப்படுகின்றன. தரைப்படையில் ஸ்கார்ப்பியன் டாங்கி 16 என்கிறார்கள், சிலர் 20 என்கிறார்கள். பீரங்கி என்று தேடினால் மோர்ட்டாரை (குண்டை உயரே எறியும் குட்டைக் குழல்) தவிர எதுவும் கிடைக்கவில்லை. வான்படையில் போர் விமானமே இல்லை என்பது உண்மையா? எண்ணெய்ப் பணம் உள்ள நாடு ஏன் வாங்கவில்லை? புருனேயின் சீரியா நகரில் இருக்கும் கூர்க்காப் படையினரை (நேபாள வீரர்கள்) எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வெறும் எண்ணிக்கை போதாது. ஏன் இப்படி அமைத்திருக்கிறார்கள் என்ற விளக்கமும் பக்கத்தில் இடம்பெற வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பதில் 1: நங்கூரம்

கடற்படையை நான் சொல்கிறேன். தளம் ஒன்றுதான், மூவாரா. இன்றைய முதுகெலும்பு தாருஸ்ஸலாம் வகை ரோந்துக் கப்பல்கள் நான்கு (அடைப்பில் கப்பல் எண்): தாருஸ்ஸலாம் (06), தாருலேஹ்சான் (07), தாருலமான் (08), தாருத்தக்வா (09). ஜெர்மனியின் லூர்சென் நிறுவனம் கட்டியவை. முதல் மூன்று 2011இல் வந்தன, நான்காவது 2014இல். நீளம் 80 மீட்டர், எடை சுமார் 1,600 டன், வேகம் 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்). 12 நாட் வேகத்தில் போனால் 7,500 கடல் மைல் ஓடும். முன்தளத்தில் 57 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கி, நடுவில் எக்சோசே எம்எம்40 கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் நான்கு, பின்னால் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். தளம் இருப்பதால் பலர் பட்டியலில் 'கப்பலுக்கு ஒரு ஹெலிகாப்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். கடற்படைக்கென்று தனி ஹெலிகாப்டர் கிடையாது. வந்து இறங்குவது வான்படையுடையது.

இவற்றுக்குக் கீழே கரையோர வேலைக்கு இஜ்திஹாத் வகைப் படகுகள் நான்கு: இஜ்திஹாத் (17), பெர்க்காத் (18), ஷஃபாத் (19), அஃபியாத் (20). இவையும் லூர்சென்தான், 27 மீட்டர், 2010இல் வந்தவை. முஸ்தாயெத் (21) தனி வடிவம், அதை இந்த நான்கோடு சேர்த்து ஐந்து என்று போடுவது தவறு.

2023 மார்ச்சில் சிங்கப்பூர் தன் ஃபியர்லெஸ் வகைக் கப்பல்கள் இரண்டைக் கொடுத்தது. பழைய பெயர் பிரேவ், கேலண்ட். இப்போது அஸ்-சித்தீக் (95), அல்-ஃபாரூக் (96). 55 மீட்டர், 500 டன், 1990களில் சிங்கப்பூரிலேயே கட்டியவை. இந்த இரண்டும் வந்ததில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு, உங்கள் பக்கத்தில் குறிப்பிடலாம். இந்த வகை 76 மி.மீ. பீரங்கிக்காக வடிவமைத்தது. பெரிய கப்பல்களில் இருப்பது 57 மி.மீ. ஆக ஒரு சிறிய கடற்படை இரண்டு அளவுக் குண்டுகளை இருப்பு வைக்க வேண்டும், இரண்டு வகைப் பீரங்கிக்கும் ஆர்மரர்களை (ஆயுதம் பராமரிப்பவர்கள்) பயிற்றுவிக்க வேண்டும். இன்னொன்று, இவை திருகுவிசிறியில் ஓடுவதில்லை, நீர்த்தாரையில் ஓடுகின்றன. ஆழம் குறைந்த நீரில் இது பெரிய வசதி, சட்டென்று திரும்பவும் நிற்கவும் முடியும். ஆனால் புருனே வளைகுடாவுக்குள் ஆறுகள் மரத்துண்டும் நீப்பாப் பனை ஓலையும் அடித்துக்கொண்டு வருகின்றன. நீர் உறிஞ்சும் வாயின் கம்பி வலையில் அவை அடைத்தால் உந்துவிசை சட்டென்று விழும், எஞ்சின் வெப்பநிலை ஏறும். பின்னோக்கி நீர் தள்ளிக் கழுவிவிட வேண்டும், அதற்கும் அசையாவிட்டால் முக்குளிப்பவர் இறங்கித்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் வடியும் நாட்களில் இது அடிக்கடி வரும் தொல்லை.

வஸ்படா வகையை நீக்கிவிடுங்கள். சிங்கப்பூரில் வோஸ்பர் கட்டி 1978–79இல் வந்த மூன்று படகுகள்: வஸ்படா, பெஜுவாங், செத்தேரியா. 37 மீட்டர், 200 டன், 32 நாட், இரண்டு எக்சோசே எம்எம்38, ஓர் இரட்டைக்குழல் 30 மி.மீ. பீரங்கி. வந்த காலத்தில் இந்த வட்டாரத்தில் அது பெரிய ஆயுதம். 2011இல் வஸ்படாவும் செத்தேரியாவும் இந்தோனேசியாவுக்குப் போய், அங்கே சலவாக்கு, பதாவ் என்று பெயர் மாறின. அதற்கும் முந்தைய பஹ்லாவான் (1967), 1970களின் பெர்விரா வகை ரோந்துப் படகுகள் எல்லாம் வரலாற்றுப் பத்திக்குரியவை.

கார்வெட் கதையைத் தனியாக எழுதினால்தான் தெளிவாகும். 1998இல் பிரிட்டனில் ஆர்டர். கிளைட் நதிக்கரையில் ஸ்காட்ஸ்டவுன் துறையில் கட்டினார்கள். நகோடா ராகம் 2001 ஜனவரியில் நீரில் இறங்கியது, பெந்தஹாரா சக்கம் 2001 ஜூனில், ஜெராம்பாக் 2002 ஜூனில். 95 மீட்டர், ஏறத்தாழ 2,000 டன், 30 நாட். 76 மி.மீ. பீரங்கி, எட்டு எக்சோசே எம்எம்40, செங்குத்தாக ஏவும் சீவுல்ஃப் வான்பாதுகாப்பு ஏவுகணைக்குப் பதினாறு குழாய்கள், அடிப்பகுதியில் சோனார் (நீர்மூழ்கியை ஒலியால் தேடும் கருவி). கட்டி முடித்து ஒப்படைக்கும் கட்டத்தில், ஒப்பந்தக் குறிப்புகளுக்கு ஏற்றபடி இல்லை என்று புருனே ஏற்க மறுத்தது. சர்வதேச நடுவர் மன்றம் வரை போன வழக்கு கட்டிய நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. 2007இல் கப்பல்கள் ராயல் புருனே டெக்னிக்கல் சர்வீசஸ் பெயருக்கு மாறின. ஆனால் மூவாராவுக்கு வரவே இல்லை. இங்கிலாந்தின் பாரோ துறைமுகத்தில் கட்டிக் கிடந்து, லூர்சென் வழியாக விற்பனைக்கு வந்து, கடைசியில் இந்தோனேசியா கட்டிய விலையைவிட மிகக் குறைவாக வாங்கியது. 2014இல் புங் தோமோ, ஜான் லீ, உஸ்மான் ஹாருன் என்ற பெயர்களில் அங்கே பணியில் சேர்ந்தன.

ஆக, 'புருனே கடற்படை பயன்படுத்திய கப்பல்கள்' என்ற வரிசையில்கூட இவை வரக் கூடாது. ஒரு நாள்கூட அந்தக் கடற்படையின் கொடியில் பணியாற்றவில்லை.

பதில் 2: சங்கிலித்தடம்

தரைப்படை. மூன்று காலாட்படைப் பட்டாலியன், ஓர் ஆதரவுப் பட்டாலியன். முதலாவது பெராக்காஸ், இரண்டாவது (1975) துத்தோங், மூன்றாவது (1994) லுமுத். ஆதரவுப் பட்டாலியன் பெனான்ஜோங். இதற்கு வெளியே சிறப்புப் படை ரெஜிமெண்ட் ஒன்று உண்டு. லுமுத்தில் ஏன் என்று வரைபடத்தைப் பார்த்தாலே புரியும்: இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலை அங்கே, பக்கத்தில் சீரியா எண்ணெய்வயல்.

ஸ்கார்ப்பியன்: 16 என்று போடுங்கள். 20 என்பது பழைய கணக்குகளில் வரும் எண். எட்டு டன் எடை, மூன்று பேர், 76 மி.மீ. குட்டைக் குழல் பீரங்கி. உடல் அலுமினியக் கலவை, துப்பாக்கிக் குண்டையும் சிதறலையும் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மற்றொரு டாங்கியை எதிர்த்து நிற்க இது செய்யப்படவில்லை. புருனேக்கு ஏற்றது எதனால் என்றால் தரை அழுத்தம்: சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோகூட வராது. மனிதன் கால் புதையும் சேற்றில் இது ஓடிவிடும். நாற்பது டன் டாங்கியை அந்தக் கடலோரச் சதுப்பில் இறக்கினால் தார்ச்சாலையை விட்டு நகர முடியாது, சிறு பாலங்களும் தாங்காது.

இந்த வகையின் மூல வடிவத்தில் ஜாகுவார் 4.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். படையில் மற்ற வண்டிகள் எல்லாம் டீசலில் ஓடும்போது இதற்கு மட்டும் தனிப் பெட்ரோல் டேங்கர், தனி இருப்பு. ஆள் உட்காரும் இடத்துக்கு அருகிலேயே பெட்ரோல் ஆவி வேறு. இந்தக் குடும்ப வண்டிகளை டீசலுக்கு மாற்றிய நாடுகள் மாற்றியது வேகத்துக்காக அல்ல, இந்த இரண்டு தொல்லைக்காகத்தான். பிரிட்டன் 1990களில் தன் ஸ்கார்ப்பியன்களை ஒதுக்கியதற்கு இன்னொரு காரணம், 76 மி.மீ. சுட்டதும் கோபுரத்துக்குள் திரும்பும் நச்சுப்புகை. மூடிக்கொண்டு தொடர்ந்து சுட முடியாது.

கவச வண்டி பிரெஞ்சு வாப், நான்கு சக்கரம், 45 என்ற எண்தான் வழக்கமாக வரும். ஓட்டுநரும் தலைவரும் போகப் பத்துப் பேர் ஏறலாம். 13 டன். சாலையில் நல்ல வேகம், மிதக்கும் அமைப்பு கொண்ட வகை ஆறும் தாண்டும். ஆனால் மிதக்கும் வண்டிக்கு அடித்தட்டு வடிகால் மூடிகளும் கதவு ரப்பர்களும் உயிர். வெப்பத்தில் ரப்பர் இறுகி வெடித்துவிடும், பார்வைக்குத் தெரியாது. நீரில் இறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கையால் தடவிப் பார்க்காமல் இறக்கக் கூடாது.

துப்பாக்கி எம்16 குடும்பம், எம்4. கேட்டால் சொல்கிறேன், அதில் புதுமை ஒன்றுமில்லை.

கரைவிளக்கு:

மிக்க நன்றி இருவருக்கும். பீரங்கி ஏன் இல்லை? ஏழாயிரம் பேர் கொண்ட படையில் ஒரு 105 மி.மீ. பீரங்கி பேட்டரிகூட (பீரங்கித் தொகுதி) வைக்காமல் இருப்பது விந்தையாக இருக்கிறது.

சங்கிலித்தடம்:

இழுத்துப் போக வழி வேண்டும் நண்பரே. புருனேயில் நல்ல சாலை கடற்கரையை ஒட்டித்தான். உள்ளே பெரும்பகுதி காடு, தாழ்வில் கரிச்சதுப்பு. 105ஐ ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோகலாம், ஆனால் குண்டுகளையும் அதே ஹெலிகாப்டர்தான் சுமக்க வேண்டும். ஒரு பேட்டரிக்குக் குண்டு சுமக்கவே இருக்கும் ஹெலிகாப்டர் எல்லாம் போய்விடும், ஆட்களைத் தூக்க எதுவும் மிஞ்சாது.

81 மி.மீ. மோர்ட்டார் மூன்று துண்டாகக் கழலும்: குழல், இருகால், அடித்தட்டு. துண்டுக்குப் பன்னிரண்டு கிலோ அளவு. மூன்று பேர் முதுகில் போய்விடும். ஐந்தரைக் கிலோமீட்டர் எட்டும். ஆண்டுக் கணக்குகளில் 24 என்று இருக்கும்.

காட்டில் மோர்ட்டாருக்கு வரும் சிக்கல் இரண்டு. ஒன்று, ஈரத்தரையில் சுடச்சுட அடித்தட்டு புதைந்து சாய்ந்துவிடும், குறி நகரும். கீழே மரக்கட்டை அடுக்கியோ மணல்மூட்டை போட்டோ படுக்கை கட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று குண்டு தட்டு பதியும் வரைக்கும் போகும், அதற்குப் பிறகுதான் திருத்தம். இரண்டாவது, தலைக்கு மேல் மரக்கவிகை. மேலே போகும் குண்டு கிளையில் பட்டால் சுடுபவர் தலையிலேயே வெடிக்கும். அதனால் வானம் தெரியும் வெட்டவெளி தேட வேண்டும், இல்லையென்றால் மரம் வெட்ட வேண்டும். விழும் இடத்திலும் இதே கதை: உடனடி ஃப்யூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் முனை) வைத்தால் மரஉச்சியிலேயே வெடித்துத் தரைக்குச் சிதறல் மட்டும் வரும். பதுங்குகுழியைத் தாக்க வேண்டுமென்றால் தாமத ஃப்யூஸ் வைத்தே ஆக வேண்டும்.

பதில் 3: சுழலி

வான்படைக்கு வருகிறேன். போர் விமானம் இல்லை என்பது உண்மை. 1990களில் பிரிட்டனின் ஹாக் விமானங்கள் வாங்கும் பேச்சு நீண்ட நாள் நடந்தது, பழைய புத்தகங்கள் சிலவற்றில் வாங்கிவிட்டதாகவே எழுதியிருப்பார்கள். ஒன்றும் வரவில்லை.

ஏன் என்பதற்குத் தூரத்தைப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் ஜெட் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் தாண்டும். நாட்டின் மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. தரையில் எச்சரிக்கை வந்து, விமானி ஓடி ஏறி, மேலே போவதற்குள் எதிரி நாட்டைத் தாண்டியே போயிருப்பான். தளமும் ஒன்றே ஒன்று: ரிம்பா, சர்வதேச விமான நிலையத்தின் ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்வது. அந்த ஓடுபாதையில் நாலு குழி விழுந்தால் அத்தனை ஜெட்டும் கொட்டகையிலேயே நிற்கும். ஹெலிகாப்டருக்கு அந்தக் கவலை இல்லை.

இன்றைய முதன்மை வானூர்தி எஸ்-70ஐ பிளாக் ஹாக், 12. போலந்தின் மியெலெட்ஸ் ஆலையில் கட்டியவை, 2011 டிசம்பரில் ஆர்டர், 2015க்குள் எல்லாம் வந்துவிட்டன. ஒரு திருத்தம்: 2012 ஜூலையில் பெலாய்ட் மாவட்டக் காட்டில் பெல் 212 விழுந்து 14 பேரில் 12 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் பிளாக் ஹாக் வாங்கினார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ஆர்டர் அதற்கு முன்பே போய்விட்டது.

பட்டியலில் 12 என்று எழுதும்போது, ஒரே நேரத்தில் எத்தனை பறக்கும் என்பதையும் யோசியுங்கள். எந்த நாட்டிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிய பரிசோதனையிலோ உதிரிபாகத்துக்காகக் காத்தோ நிற்கும். மீதி எட்டு. எட்டில் ஆளுக்கு இருக்கை போட்டு 11 பேர் என்றால் 88. ஒரு முழுக் காலாட்படைக் கம்பெனியை ஒரே தடவையில் தூக்க முடியாது, இரண்டு நடை போக வேண்டும். முதல் நடையில் இறங்கியவர்கள் இரண்டாவது நடை வரும்வரை தனியாகச் சமாளிக்க வேண்டும். திட்டம் போடுபவர் முதல் நடையிலேயே மோர்ட்டாரையும் சிக்னல் செட்டையும் ஏற்றுவது இதனால்தான்.

அந்த நாட்டில் ஹெலிகாப்டரை அழிப்பது எதிரியைவிட உப்பும் ஈரமும். கடல்மேல் தாழப் பறந்து திரும்பினால் எஞ்சினின் கம்ப்ரசர் தகடுகளில் உப்பு படியும். தகட்டின் வளைவு கெட்டு, எஞ்சின் அதே சக்திக்கு அதிக வெப்பத்தில் ஓடும். அதனால் அன்றைய கடைசிப் பறப்பு முடிந்து எஞ்சின் ஆறியதும் கனிமம் நீக்கிய நீரை உள்ளே பீய்ச்சி, ஸ்டார்ட்டரில் மட்டும் சுழற்றிக் கழுவ வேண்டும். பிறகு ஈரம் போக ஒருமுறை ஓட்டிக் காயவைக்க வேண்டும். கழுவிவிட்டுக் காயவைக்காமல் நிறுத்தினால் கழுவாததைவிடக் கேடு. அடுத்து மின் இணைப்பு முனைகள். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று என்பதால் இணைப்புகளுக்குள் பச்சை பூத்துவிடும். வரும் கோளாறு நிலையாக இருக்காது, வரும் போகும், அதைத் தேடித்தான் டெக்னீஷியன் நேரம் எல்லாம் கரையும். ஈரம் உறிஞ்சும் கருவி வைத்த கொட்டகை ஆடம்பரம் கிடையாது, ஆயுதத்துக்குக் கொடுக்கும் அதே முக்கியத்துவத்தை அதற்கும் கொடுக்க வேண்டும்.

மற்றவை: பிஓ-105 சிறு ஹெலிகாப்டர்கள் 2022இல் ஓய்வு. அந்த இடத்துக்கு 2023 டிசம்பரில் எச்145எம் ஆறு அறிவித்தார்கள். சரக்கு விமானத்தில் 1997இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரே ஒரு சிஎன்-235தான் பல ஆண்டு ஓடியது. ஒரே விமானம் என்றால் அது பராமரிப்புக்குப் போகும் வாரங்களில் நாட்டுக்குச் சரக்கு விமானமே இல்லை என்று பொருள். இப்போது ஏர்பஸ் சி295எம்டபிள்யூ நான்கு வாங்கியிருக்கிறார்கள், முதலாவது 2024 தொடக்கத்தில் வந்தது. என்னைக் கேட்டால் கடந்த இருபது ஆண்டில் அவர்கள் செய்த மிகச் சரியான கொள்முதல் இதுதான். பயிற்சிக்கு பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 நான்கு. ஆளில்லா விமானம் இன்சிட்டு நிறுவனத்தின் இன்டெக்ரேட்டர்: கவண்போன்ற ஏவுகருவியில் கிளம்பி, தொங்கும் கயிற்றில் இறக்கையை மாட்டி இறங்கும். ஓடுபாதை வேண்டாம், பல மணி நேரம் வானில் நிற்கும். ஹெலிகாப்டர் மணிநேரத்தைச் செலவழிக்காமல் பொருளாதாரக் கடற்பரப்பைப் பார்த்துவர இதுவே ஏற்றது.

பதில் 4: ஆள்கணக்கு

மூவரும் தளவாடத்தைச் சொல்லிவிட்டீர்கள். 'பணம் இருந்தும் ஏன் வாங்கவில்லை' என்ற கேள்விக்கு விடை ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது.

புருனேயில் கட்டாயப் படைச்சேவை இல்லை. ஆள் சேர்ப்பு மலாய் இனக்குழுக் குடிமக்களிலிருந்து மட்டும். தோராயமாகப் போடுங்கள்: நாலரை லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு மலாய் இனத்தார், மூன்று லட்சம். அதில் ஆண்கள் ஒன்றரை லட்சம். படைக்கு ஏற்ற வயது மூன்றில் ஒரு பங்கு என்றால் ஐம்பதாயிரம். பெண்களும் படையில் உண்டு, ஆனாலும் பெரும்பான்மை ஆண்கள்தான். இந்த ஐம்பதாயிரத்திலிருந்து ஏழாயிரம் பேர் ஏற்கெனவே சீருடையில். மீதியில் உடல்தகுதி, கல்வித்தகுதி கழித்தால் என்ன மிஞ்சும்? மின்னணுவும் எஞ்சினும் தெரிந்த இளைஞனை எண்ணெய் நிறுவனமும் எரிவாயு ஆலையும் கூப்பிடுகின்றன, காவல்துறையும் கூப்பிடுகிறது. 12 ஜெட் கொண்ட ஓர் அணிக்கு விமானிகள் இருபது, தரைப் பணியாளர் இருநூறு என்று வைத்தால், ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள வான்படையில் ஐந்தில் ஒருவர் அதற்கே போய்விடுவார்.

இதே கண்ணோடு கார்வெட்டைப் பாருங்கள். கப்பலுக்கு 79 பேர், மூன்றுக்கு 237. விடுப்பு, பயிற்சி, நோய் எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்கு வைத்தால் 350க்கு மேல். ஆயிரத்து இருநூறு பேர் கடற்படையில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த ஆர்டரே பொருந்தாதது என்பது என் கருத்து.

நங்கூரம்:

ஆள்கணக்கு நண்பரே, ஒரு சிறு மறுப்பு. தாருஸ்ஸலாம் வகைக்குக் கப்பலுக்கு 55 பேர் அளவு, நான்குக்கு 220. அதே ஒன்றரை மடங்கு வைத்தால் 330. உங்கள் கார்வெட் கணக்குக்கும் இதற்கும் இருபத்தைந்து பேர்தான் வித்தியாசம். தலை எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கார்வெட்டைத் தள்ள முடியாது.

வித்தியாசம் எந்த மாதிரி ஆட்கள் என்பதில்தான். கார்வெட்டில் சீவுல்ஃப் ஏவுகணைக்கும் அதன் குறிதேடும் ரேடாருக்கும் ஒரு குழு, சோனாருக்கு ஒரு குழு. ஒரு சோனார் ஆபரேட்டர் உருப்படியாக வர ஆண்டுகள் ஆகும், பயிற்சிக்கு எதிரே ஒரு நீர்மூழ்கி வேண்டும். புருனேயிடம் நீர்மூழ்கி இல்லை, வேறு நாட்டுக் கூட்டுப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டும். பயிற்சி இல்லாத சோனார் குழு திமிங்கலத்தையும் மூழ்கிய கப்பலையும் துரத்திக்கொண்டிருக்கும். சீவுல்ஃப் வைத்திருந்த கடற்படைகளும் உலகில் ஒரு கைக்குள் அடங்கும், உதிரிபாகம் விலை எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, கப்பல்களின் எண்ணிக்கை. ஒன்று ரோந்தில், ஒன்று பயிற்சியில், ஒன்று பழுதுபார்க்கும் டிரை டாக்கில் என்பது பொது விதி. மூன்று கார்வெட் இருந்தால் கடலில் ஒன்று. நான்கு ரோந்துக் கப்பல் இருந்தால் சில மாதங்களில் இரண்டு. மீன்திருட்டைப் பிடிக்கவும் எண்ணெய் மேடைகளைக் காவல் காக்கவும் கடலில் இரண்டு கப்பல் இருப்பதுதான் முக்கியம். வெகுதூரப் பயணத்துக்கும் இவை குறைந்தவை அல்ல: 2014இல் தாருஸ்ஸலாமும் தாருலமானும் ஹவாயில் நடந்த ரிம்பாக் பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சிக்கே போய்வந்தன.

ஆள்கணக்கு:

ஒப்புக்கொள்கிறேன், தேர்ச்சி பெற்ற ஆள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கூர்க்கா கேள்விக்கு. அங்கே இரண்டு தனித்தனி அமைப்பு, இரண்டையும் கலக்காதீர்கள். சீரியாவில் இருப்பது பிரிட்டிஷ் தரைப்படையின் ராயல் கூர்க்கா ரைபிள்ஸ் பட்டாலியன். செலவைச் சுல்தான் ஏற்கிறார், ஆனால் கட்டளை லண்டனுடையது. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. இதன் வேர் 1962 டிசம்பர் 8 கிளர்ச்சி. புருனே மலாய் ரெஜிமெண்ட் 1961 மே 31இல் தொடங்கி, முதல் 60 பேர் மலாயாவின் போர்ட் டிக்சனுக்குப் பயிற்சிக்குப் போன காலம் அது. கிளர்ச்சியை அடக்கும் அளவுக்கு உள்ளூர்ப் படையே இல்லை. சிங்கப்பூரிலிருந்து கூர்க்காக்களைப் பறக்கவைத்தார்கள், அப்போது வந்த இருப்பு இன்றும் நீடிக்கிறது.

இரண்டாவது, கூர்க்கா ரிசர்வ் யூனிட். முன்பு பிரிட்டிஷ் படையிலும் சிங்கப்பூர்க் காவல்துறையிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற கூர்க்காக்களைப் புருனே அரசே வேலைக்கு எடுத்துக்கொண்டது. நானூறு ஐந்நூறு பேர், காவல் பணி. இதுவும் ராயல் புருனே ஆயுதப் படைகளுக்குள் வராது.

உங்கள் அட்டவணையில் மூன்று பத்தி வையுங்கள்: ஆயுதப் படைகள், நாட்டுக்குள் உள்ள துணைப் படைகள், அயல்நாட்டுப் படைகள். சீரியா பட்டாலியன் மூன்றாவதில். தெம்புரோங்கில் சிங்கப்பூர்ப் படைக்குக் காட்டுப் பயிற்சி முகாம் உண்டு, பிரிட்டனுக்கும் புருனேயில் காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளி உண்டு. அங்கே வந்துபோகிறவர்கள் எந்தப் பத்தியிலும் எண்ணிக்கையாக வரக் கூடாது, இடக்குறிப்பாக மட்டும் எழுதுங்கள்.

கரைவிளக்கு:

மூன்று பத்தி யோசனை அருமை, அப்படியே செய்கிறேன். இரண்டு மிச்சம். ரேப்பியர் வான்பாதுகாப்பு ஏவுகணை இன்னும் உண்டா? தெம்புரோங் மாவட்டம் மலேசியாவின் லிம்பாங்கால் துண்டாகிக் கிடக்கிறதே, அங்கே படையைக் கொண்டுபோக என்ன வைத்திருக்கிறார்கள்?

சுழலி:

ரேப்பியர் இப்போதைய கணக்குகளில் இல்லை, 'முன்பு இருந்தவை' வரிசையில் போடுங்கள். இருப்பது மிஸ்ட்ரல் ஏவுகணை. வெப்பம் தேடிப் போகும், ஆறு கிலோமீட்டர் எட்டும், முக்காலியில் உட்கார்ந்து ஒருவர் சுடலாம். இதைத் தரைப்படையில் எழுதிவிடாதீர்கள், வான்பாதுகாப்பு வான்படையின் பொறுப்பு. காட்டுப் பக்கம் வைத்தால் மரவிளிம்பு பார்வையை மறைக்கும், விமானம் தெரிந்ததும் சில விநாடிதான் கிடைக்கும். அதனால் கடற்கரை, ஓடுபாதை ஓரம், ஆலை வளாகம் போன்ற திறந்த இடத்தில்தான் பயன்.

நங்கூரம்:

தெம்புரோங்குக்கு 2020 வரை, வான்வழியை விட்டால், இரண்டே வழி: மலேசிய எல்லைகளைத் தாண்டிப் போகும் சாலை, இல்லையென்றால் புருனே வளைகுடா. ஆயுதத்தோடு அயல்நாட்டைத் தாண்ட முடியாது என்பதால் படைக்கு நீர்வழியும் வான்வழியும்தான். அதற்கென்று தெராபான் (33), செராசா (34) என்ற இரண்டு தரையிறக்கும் படகுகள், 1996இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டியவை. தட்டை அடிப்பகுதி, முன்னே இறங்கும் சாய்தளம். இவற்றைப் பலர் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் முப்பது கிலோமீட்டர்ப் பாலம் திறந்ததும் வாப் வண்டி தன் சக்கரத்திலேயே நேராகப் போய்விடுகிறது. ஆனாலும் படகுகளை நீக்கிவிடாதீர்கள், பாலம் ஒன்றே ஒன்றுதான். வளைகுடாவின் சதுப்பு ஓரங்களில் ஓதம் வற்றும் நேரத்தில் படகைக் கரையேற்றினால் அடுத்த ஏற்றம் வரை சேற்றில் உட்கார்ந்துவிடும். ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துக் கரை தொட்டு, உச்சம் வருவதற்குள் வண்டியை இறக்கி விலகுவதுதான் முறை.